பாறையில் மோதும் பரிசல்

அரூர்ப் பள்ளியின் கம்ப்யூட்டர் அறையில் மாலை வெயில் ஜன்னல் கம்பிகளின் நிழலை மேசைமேல் சாய்த்து வைத்திருக்கிறது. லூர்தம்மாள் டீச்சர் திரைக்கு முன்னால் கைகளை மடியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாள். நாளைய கண்காட்சிக்கான பரிசல் விளையாட்டின் நிரலை அவளும் காளியப்பன் சாரும் ஆளுக்கொரு கேசட்டில் திருத்தியிருக்கிறார்கள். இரண்டையும் கம்ப்யூட்டரில் ஒன்றாக ஏற்ற வேண்டும். அவருடைய மழையும் அவளுடைய மீன்களும் சண்டையில்லாமல் சேர்ந்துகொள்ளும். பாறையில் மோதினால் என்ன ஆகும் என்பதை மட்டும் இருவரும் நிரலின் ஒரே எண்ணுள்ள வரியில் எழுதிவிட்டார்கள். பின்னால் ஏறுவது முன்னதை அழித்துவிடும். அவருடைய வரியில் பரிசல் மூழ்குகிறது. அவளுடையதில் சுழன்று கரைக்குத் திரும்புகிறது.

“பரிசல் முழுகலன்னா அப்பறம் என்னாங்க டீச்சர் வெளையாட்டு? பசங்க சிரிப்பானுங்க,” என்கிறார் காளியப்பன்.

“சிரிக்கட்டும் சார். எந்தம்பி ஒகேனக்கல்லுல பரிசல் ஓட்டறான். நாளைக்கி இதப் பாக்க அவனும் வர்றான்.”

மின்விசிறி கிறீச்சிட்டுச் சுற்றுகிறது. வெளியே சேலம் பஸ் ஒன்று இரைந்து கடந்து போகிறது. அந்தச் சத்தம் தேய்ந்த பிறகு, காளியப்பன் தம் கேசட்டை எடுத்து முதலில் ஓடவிடுகிறார். கம்ப்யூட்டரோடு இணைத்த டேப் ரிக்கார்டர் வண்டு போல ரீங்கரித்து ஓய்கிறது. பிறகு அவளுடைய கேசட்டைச் சட்டை நுனியில் துடைத்து நீட்டுகிறார்.

“கடைசியா உங்களுதுங்க.”

திரையில் மழை பெய்கிறது. மீன்கள் நீந்துகின்றன. பரிசல் பாறையில் மோதி, ஒரு சுற்றுச் சுற்றி, ஆடி ஆடிக் கரைக்கு வருகிறது. லூர்தம்மாள் அதை மறுபடியும் ஆற்றில் இறக்கி, அதே பாறையில் மோதவிட்டுப் பார்க்கிறாள்.