பெஞ்சுக்குப் பொருத்தமான ஆள்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, சிரிக்க ஒரு கதை சொல்கிறேன்.

தூத்துக்குடிக் கல்லூரி ஒன்றின் கூடைப்பந்து அணியில் யார் கூடை போடுவது, யார் பந்தை எடுத்துக் கொடுப்பது, யார் பெஞ்சில் உட்காருவது என்பதை, ஆட்டத்தைக் கணக்குப் போடும் ஓர் இயந்திரம்தான் சொல்லும். ஜெனிட்டாவுக்கு எப்போதும் பெஞ்சுதான். அவள் அங்கிருந்து கத்தினால்தான் மற்றவர்கள் கூடை போடுகிறார்களாம்.

அரையிறுதிக்கு, மீன் விற்கும் அவள் அம்மா புஷ்பம் வந்திருந்தாள்.

"எங்கம்மா பார்க்க ஒரு தடவையாவது ஆடணும் மிஸ். இல்லன்னா வாயத் தொறக்கவே மாட்டேன்" என்று ஜெனிட்டா உதட்டை இறுக மூடிக்கொண்டாள். அணி தடுமாறியது. பயிற்சியாளர் பியூலா பயந்துபோய் அவளை ஆட்டத்தில் இறக்கிவிட்டார்.

'தோல்வி உறுதி' என்று இயந்திரம் அலறியது. அதையும் அமுக்கிக்கொண்டு சந்தையில் பழகிய குரல் ஒன்று எழுந்தது.

"ஏட்டி, என்ன முழிச்சிக்கிட்டு நிக்கே? அந்த நெட்டச்சிகிட்ட குடுட்டி!"

அம்மா சொன்னால் மறுபேச்சு உண்டா? ஜெனிட்டா பதறிக்கொண்டு கொடுத்தாள். அந்த நெட்டைப் பெண் கூடையில் போட்டாள். ஜெயித்துவிட்டார்கள்.

மறுநாள் இறுதி ஆட்டத்துக்கான அணியை இயந்திரம் அறிவித்தது. பந்தை எடுத்துக் கொடுப்பவள் ஜெனிட்டா. பெஞ்சில் புஷ்பம்.

"அப்ப எம் மீன இந்த மிஷினா விக்கும்?" என்றாள் புஷ்பம்.

உங்கள் வீட்டிலும் ஆளுக்கொரு ஆட்டமும், கத்துவதற்கு ஒரு அம்மாவும் குறையாமல் இருக்கட்டும்.