சந்தனம் யாருக்கு

எதிர்வீட்டு ஞானசேகரன் இருபத்தாறு வருடமாக ஓட்டும் ‘புரவி’ பைக்கின் கம்பெனியை ஒரு மிக்சி கம்பெனி வாங்கிவிட்டது. அதற்காகத் தாடி வளர்த்தவர் எங்கள் தெருவில் அவர் ஒருவர்தான். ஓட்டை விழுந்த டேங்குக்குப் பதிலாக வந்த புதிய டேங்கில் மிக்சிக்காரர் பெயர்தான் இருந்தது. ஆயுத பூஜையன்று பழைய டேங்கை மணையில் வைத்து, பைக்கை அருகே நிறுத்தி, விரலில் சந்தனத்தோடு நின்றுகொண்டே இருந்தார். எப்போதும் பெயரின் மேல்தான் பொட்டு வைப்பார்.

“வண்டி என்ன பேராலயா ஓடுது? சுண்டல் ஆறுதுங்க” என்றாள் மனைவி வாசுகி.

“மனசு கேக்கல, வாசு.”

அவர் நிமிரவும் நாங்கள் ஜன்னலிலிருந்து தலையை இழுத்துக்கொண்டோம். மறுபடி எட்டிப் பார்த்தபோது சக்கரத்தடியில் வைத்திருந்த எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது. பைக் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. பழைய டேங்கில் பொட்டு இல்லை. வாசுகி அதில் பெயரின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்துக்கொண்டிருந்தாள், இன்னொரு கையில் சந்தனக் கிண்ணத்தோடு.