பின் பெஞ்சு ஆள்

"அந்த ஆளு இன்னிக்கும் வந்துட்டான்ணே," என்று வகுப்பில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த விஜயா முணுமுணுத்தாள்.

கருப்பையா திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமலே தெரியும். பின் பெஞ்சு, வெள்ளைச் சட்டை, மடியில் அரசாங்க முத்திரை போட்ட ஃபைல், அதன்மேல் ஒரு நோட்டு.

காஜா பேராங்கில், கம்போங் செட்டி கிராமத்துக் கோயிலை ஒட்டிய கொட்டகையில் மாலை ஆறு மணிக்கு மலாய் வகுப்பு. நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. பிரஜாவுரிமை வேண்டுமென்றால் அதிகாரி கேட்பதற்கு மலாயில் பதில் சொல்லியாக வேண்டும்.

கருப்பையா லாரி ஓட்டுகிறவர். மூன்று வயதில் அம்மா இடுப்பில் கப்பலேறி வந்தவர். மனைவியும் பிள்ளைகளும் இந்த ஊரில் பிறந்தவர்கள். வீட்டில் அவர் ஒருவர்தான் வெளிநாட்டுக்காரர். மீன் வாங்கும்போது மலாய் சரளமாக வரும். அதிகாரியின் மேசைக்கு எதிரே உட்கார்ந்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். இரண்டு தடவை அப்படித்தான் வெறுங்கையோடு திரும்பினார்.

சொல்லிக்கொடுத்த சிவகாமி, பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிவிட்ட செட்டி வீட்டுப் பெண். அவருக்கு வீட்டில் பேச்செல்லாம் மலாய்தான், தமிழ் அரைகுறை. பங்சாவான் நாடக மேடையில் பத்து வருஷம் ராணி வேஷம் போட்டவர். வகுப்பு தொடங்கிய புதிதில் பாதிப் பேருக்குப் புத்தகம் கொடுத்தார், மீதிப் பேரை நடிக்க விட்டார். ஒரு மாதம் கழித்துக் கேள்வி கேட்டால், படித்தவர்கள் திக்கினார்கள், நடித்தவர்கள் பேசினார்கள். அன்றோடு புத்தகங்களைக் கட்டி மூலையில் போட்டுவிட்டார்.

இப்போது தினமும் நாடகம்தான். சிவகாமி அதிகாரி. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைப்பார். கொஞ்சம் முன்னால் சாய்ந்து, கடைசி எழுத்தை மெல்ல இழுத்து, "நாமா சியாப்பா?" என்று பெயரைக் கேட்பார்.

அவர் கேட்கும்போதெல்லாம் பின் பெஞ்சு ஆளின் பேனா ஓடும். எதிரே இருப்பவர் பதில் சொல்லத் தொடங்கினால் நின்றுவிடும்.

"சி.ஐ.டி.தான்," என்றாள் விஜயா. "ஆபீஸ்ல கேக்கிற கேள்விய டீச்சர் முன்னாடியே சொல்லிக் குடுக்கிறாங்கன்னு எழுதி மேல அனுப்பப் போறான். நம்ம பேரையெல்லாம் அடிச்சிருவாங்க."

பேச்சு பரவியது. பதினான்கு பேர் வந்த வகுப்புக்கு அடுத்த வாரம் ஐந்து பேர்தான் வந்தார்கள்.

அன்று சிவகாமியே அந்த ஆளிடம் போய், வந்து நடிக்கும்படி மலாயில் கூப்பிட்டார். அவன் முகம் வெளுத்தது. வாயைத் திறக்காமல் தலையை ஆட்டிவிட்டு, தண்ணீர் குடிக்கிற சாக்கில் வெளியே போனான்.

"திமிரப் பாத்தீங்களா," என்ற விஜயா, பெஞ்சில் கிடந்த நோட்டை எடுத்து சிவகாமியிடம் நீட்டினாள். ரூமி எழுத்து, ஆங்கில எழுத்தில் எழுதிய மலாய். சிவகாமி இரண்டு பக்கம் புரட்டினார்.

"எல்லாம் நான் கேட்ட கேள்வி. ஒண்ணுகூட விடல்லே. குரல் எங்க ஏத்துறேன், எங்க எறக்குறேன், அதுக்கும் கோடு போட்டிருக்கான். பதில் ஒண்ணும் இல்லே."

"போதும் டீச்சர். வகுப்ப நிறுத்திருங்க," என்றார் கருப்பையா. "எங்களால ஒங்களுக்கு வம்பு வேணாம்."

சிவகாமி நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தார். "தக்குட்னா, பயம்னா, நீங்க வீட்டுக்குப் போங்க, பரவால்லே. ஒரு ஆளு வந்தாலும் நான் கேப்பேன்."

பயந்தவர் அவர் இல்லை, தாம்தான் என்பது கருப்பையாவுக்கு உறைத்தது. அவர் போய் மேசைக்கு எதிரே உட்கார்ந்தார்.

மறுவாரம் அவருக்கு நேர்காணல். அலுவலக அறைக்குள் நுழைந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். மேசைக்குப் பின்னால் அந்த ஆள். பக்கத்தில் சற்றுத் தள்ளி வயதான மலாய் மேலதிகாரி ஒருவர், கையில் ஒரு தாளோடு.

மாட்டிக்கொண்டோம் என்றுதான் கருப்பையாவுக்குத் தோன்றியது. வகுப்பில் உளறியதையெல்லாம் பார்த்தவன். கேட்பதற்கு முன்பே முடிவு செய்திருப்பான். சட்டைக்குள் வியர்வை இறங்க, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

அந்த ஆள் தொண்டையைச் செருமினான். கொஞ்சம் முன்னால் சாய்ந்தான்.

"நாமா சியாப்பா?"

அதே இழுப்பு, அதே இறக்கம். கண்ணை மூடிக்கொண்டால் சிவகாமி டீச்சரேதான். கருப்பையாவின் நாக்கு தானாக அவிழ்ந்தது. பெயர், வீடு, வேலை, பிள்ளைகள் என்று கேட்டதற்கெல்லாம், கொட்டகையில் நடித்த மாதிரியே சொல்லிக்கொண்டு போனார். மேலதிகாரி மட்டும் தாளில் ஏதோ குறித்தபடியே இருந்தார். கடைசியில் தலையசைத்துவிட்டு எழுந்து வெளியே போனார்.

கதவு சாத்தப்பட்டதும் அந்த ஆள் விண்ணப்பத்தில் முத்திரையைக் குத்திக் கருப்பையா பக்கம் தள்ளினான். கருப்பையாவுக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஐயா, அந்தப் பெரியவரு என்னப் பத்தி ஏதோ நெறைய எழுதிட்டுப் போறாரே?"

நெற்றியைத் துடைத்துக்கொண்டு, அந்த ஆள் முதல் முறையாகத் தமிழில் பேசினான்.

"ஒங்களப் பத்தி இல்லண்ணே, இன்னிக்கு மலாய்ப் பரீட்சை எனக்கு."