மிச்சமிருந்த நேரம்

ஜெசிந்தா பென்சிலைக் கீழே வைத்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த அப்பா கைபேசியில் நேரம் பார்த்தார். இன்னும் பாதிகூட ஆகவில்லை.

தாளை அவர் பக்கம் நகர்த்தினாள்.

அப்பா சவரிமுத்து கண்ணாடியை மாட்டிக்கொண்டு, புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் இருந்த விடைகளோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ரயில்வே பணிமனையில் முப்பது வருடம் இருந்தவர். அவருக்கு ஜெர்மன் தெரியாது. சரி, தவறு என்பதற்கான இரண்டு சொற்களை மட்டும் அடையாளம் தெரியும்.

எல்லாம் சரி.

நேற்றும் எல்லாம் சரி.

ஜெர்மன் தேர்வின் வாசிப்புப் பகுதியில் பெரிதாக ஒன்றும் கேட்பதில்லை. ரயில் நிலைய அறிவிப்பு. கடைக் கதவில் தொங்கும் அட்டை. சனிக்கிழமை வர முடியாது, ஞாயிறு வருகிறேன் என்று ஒருத்தி தோழிக்கு எழுதிய நாலு வரி. அவற்றைப் படித்துவிட்டு, கீழே இருக்கும் வாக்கியம் சரியா தவறா என்று சொல்ல வேண்டும்.

அவளுக்குப் பேசுவதும் கேட்பதும் தட்டுத்தடுமாறித்தான் வரும். வாசிப்புதான் கைகொடுக்க வேண்டும். முதல் முறை எழுதியபோது அதிலேயே மதிப்பெண் போனது. கொஞ்சத்தில் தவறியது.

கணவன் ரெக்ஸ் ஜெர்மனியில், லைப்சிக்கில் இருக்கிறான். கல்யாணம் முடிந்து பதினோரு மாதம். அந்தத் தேர்வில் தேறினால்தான் அவளுக்கு விசா.

தை மாதம் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். சத்தம் கேட்டு அவள்தான் ஓடிப்போய்த் தூக்கினாள். வீட்டில் வேறு யாரும் இல்லை.

அதற்கடுத்த வாரம்தான் முதல் தேர்வு.

அப்பா கண்ணாடியைக் கழற்றினார்.

"போன தடவையும் வீட்ல எல்லாம் சரியாத்தானே போட்ட?"

"அங்க பதட்டமாயிடுச்சுப்பா."

"உனக்கா?"

அவள் புத்தகத்தை மூடினாள்.

அவர் கண்ணாடியை மடித்துக் கூட்டுக்குள் வைத்தார். அப்புறம், பால்காரன் கணக்கைச் சொல்வதுபோல் சொன்னார்.

"மணிகண்டம் போற வழியில சிஸ்டருங்க நடத்துற முதியோர் இல்லம் ஒண்ணு இருக்கு. பாத்துட்டு வந்தேன்."

"எப்பப்பா?"

"நீ கிளாசுக்குப் போயிருந்தப்ப. தரைத்தளத்துலயே ரூம் தர்றாங்க. பாத்ரூம்ல புடிச்சுக்கக் கம்பி வெச்சிருக்காங்க. சாப்பாட்டுல உப்புதான் கம்மி. திங்கக்கிழமை போறேன்."

"பரீட்சை முடியட்டும்பா. ரிசல்ட் வரட்டும்."

"அதுக்கப்புறம்னா உனக்கு மறுபடி பதட்டமாயிடும்."

அவள் எழுந்து சமையலறைக்குப் போனாள். குழாயைத் திறந்துவிட்டாள். கழுவுவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

திங்கட்கிழமை ஆட்டோவில் கூட்டிப்போனாள்.

அறையில் இரண்டு கட்டில்கள். சன்னலோரக் கட்டிலில் ஏற்கெனவே ஒருவர் இருந்தார். அவர் எழுந்து, தன் தலையணையை எடுத்துக்கொண்டு சுவரோரக் கட்டிலுக்கு மாறினார். புதிதாக வருபவருக்குச் சன்னல் வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ.

அப்பா சட்டைகளை அலமாரியில் அடுக்கினார். அவள் உதவ வந்தபோது, "நேரமாகுது, கெளம்பு" என்றார்.

வாசல்வரை வரவில்லை.

அன்று மாலை போன் செய்தாள்.

"கேரம் ஆடிக்கிட்டு இருக்கேன்மா. அப்புறம் பேசு."

காய் அடிபடும் சத்தம் கேட்கவில்லை. யாரும் பேசும் சத்தமும் இல்லை. ஒரு மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஜெயிக்கிறீங்களாப்பா?"

"ம்."

ரெக்ஸிடம் சொன்னாள். "அவரே ஒத்துக்கிட்டாருல்ல, ஜெசிந்தா? அப்புறம் என்ன?" என்றான். அவன் குரலில் சந்தோஷம் இருந்தது. அதில் தப்பு சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த வாரம் முழுவதும் தனியாக உட்கார்ந்து படித்தாள். நேரம் பார்க்க ஆள் இல்லை. தானே அலாரம் வைத்துக்கொண்டாள். அது அடிப்பதற்குள் ஒவ்வொரு முறையும் முடித்தாள்.

சனிக்கிழமை சென்னையில் தேர்வு.

அறை குளிர்ந்து கிடந்தது. பக்கத்து மேசையில் ஒரு பெண் சிலுவை போட்டுக்கொண்டாள். முன்வரிசையில் ஒருவன் வினாத்தாளை உதடசைத்துப் படித்தான்.

ஒரு பேக்கரி திங்கட்கிழமை மூடியிருக்கும். மருத்துவர் ராய்ட்டர் விடுமுறையில் இருக்கிறார். பெர்லினுக்குப் போகும் ரயில் வேறு நடைமேடையிலிருந்து கிளம்பும்.

சரி. தவறு. சரி.

கடைசி விடைக்குக் குறியிட்டுவிட்டு நிமிர்ந்தாள். மற்ற எல்லோரும் குனிந்திருந்தார்கள். சுவர்க் கடிகாரத்தில் நேரம் மிச்சமிருந்தது.

போன தடவையும் மிச்சமிருந்தது.

அந்த மிச்ச நேரத்தில்தான் ரப்பரை எடுத்து, சரியாகப் போட்டிருந்த விடைகளில் சிலதை அழித்தாள். நாலைந்து இருக்கும். அவசரமே இல்லாமல், தாள் கிழியாமல் அழித்து, ஒவ்வொன்றையும் தவறாக மாற்றி வைத்தாள்.

இப்போது சன்னலோரக் கட்டிலில் அவர் என்ன செய்துகொண்டிருப்பார் என்று நினைத்தாள். குளியலறைக் கம்பி எந்தப் பக்கம் இருக்கிறது, வலது கைக்கா இடது கைக்கா என்று கேட்டு வைக்கவில்லை.

ரப்பர் விடைத்தாளின் ஓரத்தில் கிடந்தது.

கடிகார முள் நகர்ந்தது.

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.