கால் கழுவும் வீடு

"இந்தம்மா டாக்ஸியில வந்து இறங்கினாங்க. நானே என் கண்ணால பார்த்தேன்."

கூடத்தில் இருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படிதான் ஐனோவா சொன்னாள். லெயோன் நகரத்தின் அந்த யாத்ரீகர் விடுதியில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு படுக்கை. கேட்டு நின்றதோ இரண்டு பேர். பில்பாவோவிலிருந்து வந்த இவள் ஒருத்தி. ஐம்பதைத் தாண்டிய எர்மினியா என்ற அம்மாள் இன்னொருத்தி.

சந்தியாகோ என்ற புனிதத் தலத்துக்கு நடந்தே போகிறவர்களுக்கான விடுதி அது. வாடகை கிடையாது. நடந்து வந்திருக்க வேண்டும், அவ்வளவுதான் சட்டம்.

விடுதியைப் பார்த்துக்கொள்ளும் எவாரிஸ்தோ மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு அந்த அம்மாளைப் பார்த்தார்.

"நிஜமாம்மா?"

"நிஜம்தாங்க. கடைசிக் கொஞ்ச தூரம் டாக்ஸியிலதான் வந்தேன். படுக்கையை இந்தப் பொண்ணுக்கே கொடுத்துடுங்க."

பெஞ்சில் இருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். வயதான ஒருவர், இப்போதெல்லாம் சொகுசு யாத்ரீகர்கள் பெருகிவிட்டார்கள் என்று முணுமுணுத்தார். ஐனோவாவும் தலையை ஆட்டி வைத்தாள்.

தலையை ஆட்டினாளே தவிர, அவள் ஓர் அடிகூட யாத்திரை நடந்தவள் இல்லை. காலையில் ரயிலில் வந்து இறங்கியவள்.

முன்பதிவு, திட்டம் எல்லாம் கிழடுகளுக்கு என்று தோழிகளிடம் அளந்துவிட்டு, முதுகில் ஒரு பையோடு கிளம்பியிருந்தாள். லெயோனில் அது திருவிழா வாரம் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது. ஏழு இடங்களில் கையை விரித்தார்கள். மழை வேறு. பேராலயத்துக்குப் பின்னால் ஒரு காபிக் கடையில் அழாத குறையாக உட்கார்ந்திருந்தபோது, கடைக்காரர்தான், நடந்து வந்ததற்கு அத்தாட்சியான யாத்ரீகர் அட்டை ஒன்றைக் கொடுத்து, அதில் முத்திரையும் குத்திக் கொடுத்தார்.

"எங்கேர்ந்து நடந்து வர்றே?" என்று கண்ணடித்தார்.

"ஸ்டேஷன்லேர்ந்து," என்றாள் இவள். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பழைய அட்டை மழையில் ஊறிக் கிழிந்துவிட்டது, இது புதுசு என்று எவாரிஸ்தோவிடம் சொன்ன கதையும் எடுபட்டுவிட்டது. மேலே போய்ப் படுக்கையில் பையைப் போட்டாள். எர்மினியாவின் முகம் மட்டும் மனதை விட்டுப் போகமாட்டேன் என்றது. டாக்ஸியில் வந்தவள்தானே என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

ஏழு மணிக்கு எல்லாரையும் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கால் கழுவுவது இந்த வீட்டு வழக்கமாம். அவரவர் காலை அவரவர் கழுவுவதாக்கும் என்று இவள் நினைத்தாள். எவாரிஸ்தோ தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வெந்நீர்த் தொட்டியோடு தரையில் மண்டியிட்டபோதுதான், தன் காலையும் அவர் பார்க்கப்போகிறார் என்பது உறைத்தது.

முதலில் எர்மினியாவைத்தான் கூப்பிட்டார். எனக்குத்தான் இங்கே இடமில்லையே என்று அந்த அம்மாள் தயங்கினாள்.

"படுக்கை இல்லேன்னா என்னம்மா, கால் இருக்குல்ல? நீட்டுங்க."

காலுறை தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தது. வெந்நீரை விட்டு விட்டுத்தான் பிரிக்க முடிந்தது. குதிகால் இரண்டிலும் தோலே இல்லை. இரண்டு நகங்கள் கறுத்துப் போயிருந்தன. தொட்டித் தண்ணீர் சிவந்தது. எல்லையில் உள்ள மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து இருபத்திரண்டு நாள் நடை என்றும், இன்றைக்குப் பேராலயம் வரை வந்து அதற்கு மேல் கால் ஊன்றவே முடியவில்லை என்றும் எர்மினியா ஏதோ குற்றம் செய்தவள்போலச் சொன்னாள். முணுமுணுத்த பெரியவர் தரையைப் பார்த்தார்.

ஐனோவா தன் கால்களைப் பெஞ்சுக்கு அடியில் இழுத்துக்கொண்டாள். பூமி பிளந்து தன்னை விழுங்கிக்கொள்ளக் கூடாதா என்று இருந்தது.

அடுத்தது அவள் முறை. எவாரிஸ்தோ அவளைத் தாண்டிப் பக்கத்தில் இருந்தவரிடம் போனார். அதற்கும் அடுத்தவரிடம் போனார். எவாரிஸ்தோ கண்டுபிடித்துவிட்டார், எல்லார் முன்னாலும் மானத்தை வாங்கத்தான் கடைசிக்கு ஒதுக்கி வைக்கிறார் என்று அவளுக்கு நிச்சயமாகிவிட்டது. எழுந்து ஓடலாம் என்றால் வெளியே மழை.

சமையலறையிலிருந்து பூண்டு சூப்பின் வாசனை வந்தது. கால் கழுவிக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக நொண்டிக்கொண்டு உள்ளே போனார்கள். எர்மினியா சுவரைப் பிடித்துக்கொண்டு போனாள். கூடம் காலியானதும் எவாரிஸ்தோ கதவைச் சாத்திவிட்டு, புது வெந்நீர் கொண்டுவந்து அவள் எதிரில் மண்டியிட்டார்.

"கொடு காலை."

காலுறையைக் கழற்றினார். ஒரு கீறல் இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. திருத்தமாக வெட்டிய நகங்களில் பூசிய சிவப்புப் பூச்சுகூட உதிரவில்லை. எவாரிஸ்தோ மற்றவர்களுக்குச் செய்தது போலவே விரலிடுக்கெல்லாம் கழுவி, துண்டால் ஒற்றி, குனிந்து பாதத்தில் முத்தமிட்டார்.

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க முடியவில்லை.

"நான் ரயில்ல வந்தேன். பொய் சொல்லிட்டேன்," என்றாள் அழுதுகொண்டே. "படுக்கையை அவங்களுக்கே கொடுத்துடுங்க. நீங்க முன்னாடியே கண்டுபிடிச்சுட்டீங்க, இல்ல?"

எவாரிஸ்தோ துண்டைப் பிழிந்தார்.

"நான் எங்கேம்மா கண்டுபிடிச்சேன்? காபிக் கடையில நீ சிரிச்சப்போ பக்கத்து மேசையில இருந்தது அவங்கதானாம். 'அந்தப் பொண்ணுக்குத் தங்க இடமில்லை, அனுப்பிடாதீங்க. அவ காலைக் கடைசியா, எல்லாரும் சாப்பிடப் போனப்புறம் கழுவுங்க. நாலு பேர் பார்த்தா கூசிப்போயிடுவா'ன்னு சொன்னாங்க."