ஒன்பதடிக் கழி

கழியின் ஒரு முனையை நான் பிடித்திருந்தேன், மறுமுனையைச் சர்வேயரம்மா. ஒன்பதடி அலுமினியம். அதைக் குறுக்காகப் பிடித்தபடி சந்துக்குள் நுழைந்தோம்.

கழி போகிற இடத்தில் தீயணைப்பு வண்டி போகும். முட்டுகிற இடத்தை நகரமைப்பு அலுவலகம் குறித்துக்கொள்ளும். அவ்வளவுதான் வேலை.

ஆனால் சந்துக்கு அது போதவில்லை.

கேபிள் போடுகிறீர்களா என்று கேட்டார் ஒருவர். யார் வீட்டு ஜன்னலுக்கு இவ்வளவு நீளத் திரைக்கம்பி என்றார் இன்னொருவர். இஸ்திரிக் கடைக்காரர் பெட்டியைத் துணிமேலேயே விட்டுவிட்டு எட்டிப் பார்த்தார். சட்டை தீய்ந்த வாசனையை முதலில் பிடித்தது என் மூக்குத்தான்.

நான் அந்த வண்டியை ஓட்டுகிறவன். போன கோடையில் அடுத்த சந்தில் தையற்கடை பற்றியபோது வண்டியைத் தெருமுனையோடு நிறுத்தியவனும் நானே. குழாயை எவ்வளவு இழுத்தும் நாற்பதடி குறைந்தது.

அந்த நாற்பதடிக்கு அப்பால், ஜன்னலில் ஒருவர் நின்றிருந்தார்.

ஒரு பூந்தொட்டி மேடை, ஒரு கடைப் பலகை, இரண்டு பைக்குகள். முட்டிய ஒவ்வொரு வாசலிலும் சர்வேயரம்மா நின்று பொறுமையாக விளக்கினார். முறைத்துக்கொண்டு வந்தவர்கள்கூடத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். எங்கே கற்றார் இந்தப் பேச்சை என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

பன்னிரண்டாம் எண் வீட்டில் கழி டங்கென்று முட்டியது.

வெளிப்பக்கமாக மாடிக்கு ஏறும் சிமெண்டுப் படி. பெயின்ட் இன்னும் பளபளத்தது.

சர்வேயரம்மா இங்கே வாயே திறக்கவில்லை. டேப்பை வைத்தார், பதினாலு அங்குலம் என்று எழுதிக்கொண்டார்.

சந்தும் கப்சிப். அதுவரை நச்சரித்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். என்ன விஷயம் என்று எனக்குப் பிடிபடவில்லை.

வீட்டுக்கார அம்மாள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தார். சர்வேயரம்மா பக்கம் திரும்பவேயில்லை. என்னைத்தான் கேட்டார்.

"இதைக் கட்டி மூணு மாசந்தான் ஆகுது தம்பி. மேல புதுசா கல்யாணம் ஆனதுங்க குடியிருக்கு. படியை எடுத்துட்டா என்ன, பறந்தா போகும்?"

நான் பதிலுக்குச் சர்வேயரம்மாவைப் பார்த்தேன். அவர் நோட்டிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்.

"உள்பக்கமா ஒரு படி வைக்கலாம். சமையக்கட்டு வழியா."

"சமையக்கட்டு வழியாவா!" என்று அதையும் என்னிடமே சொல்லிவிட்டு அந்த அம்மாள் உள்ளே போய்விட்டார். அங்கே ஒரு பாத்திரம் சத்தமாக இறங்கியது.

சந்தின் மிச்சத்தையும் அளந்து முடித்துத் திரும்பியபோது மணி ஐந்து. பன்னிரண்டாம் எண் வாசலில் சர்வேயரம்மா நின்றார். தன் பக்கத்து முனையையும் என்னிடம் கொடுத்தார்.

"வாங்க, போற வழியில உங்களை வீட்ல விட்டுடறேன்" என்றேன்.

"வேணாங்க. வந்தாச்சு."

பையிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு அந்தப் படியில் ஏறத் தொடங்கினார்.

கழியோடு நான் நின்றது நின்றபடி நின்றேன். கீழே சமையலறை ஜன்னல் திறந்தது.

"மருமகளே, அடுப்பை எவ்வளவு தள்ளி வைக்கணும்னு அதையும் வந்து அளந்துட்டு மேல போ."