ஞாயிற்றுக்கிழமைப் படகு

"2027 அக்டோபர் 10, ஞாயிறு. நேற்றைய குறிப்பில் ஒரு சிறு தவறு. ஆற்றில் ஆகாயத்தாமரை மிதந்து வந்ததாக எழுதிவிட்டேன். இந்த ஊர் ஆற்றில் அது கிடையாது."

மகா எழுதியதை இரண்டு முறை படித்துப் பார்த்தாள். தேதி சரிதான். இன்னும் ஒரு வருஷம் கழித்து வரப்போகிற ஞாயிறு அது.

கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில், மிளகுக் கிடங்கின் மாடியில், மாலை ஆறு மணிக்கு ஜெர்மன் வகுப்பு. ஜெர்மனிக்குப் போய் நர்ஸ் வேலையில் சேர்ந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டு தினமும் டைரி எழுத வேண்டும். மாளவிகா டீச்சர் கொடுத்த வீட்டுப்பாடம்.

ஜெர்மனிக்கு நர்ஸ்களை அனுப்பும் ஏஜென்சியின் முதல் பட்டியல் நாளை மறுநாள் முடிவாகிறது. குடும்பப் பொறுப்பு இல்லாத பத்துப் பேருக்குத்தான் அதில் இடம். மகாவின் படிவம் போன வாரமே போய்விட்டது. இது கைநழுவினால் இன்னும் எத்தனை வருஷமோ, இதே கிளினிக், இதே பன்னிரண்டு மணி நேர டியூட்டி.

தென்காசியிலிருந்து வந்தவளுக்கு, வெளியூர் என்று கண்ணை மூடினால் இந்த ஊர்தான் வந்து நின்றது. எழுத எழுத, ஜெர்மன் நதியின் மேல் கொச்சிக் காயலின் வெயில் விழுந்தது. பனி பெய்த தெருவில் சுக்கு மணத்தது. தேவாலய மணி அடித்ததும் புறாக்கள் மிளகு மூட்டைகளை விட்டு எழுந்து பறந்தன.

"சிஸ்டரே, ஜெர்மனில சுக்கு மணக்குதா? அது நம்ம பஜார் ரோடாக்கும்!" பக்கத்து பெஞ்சிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தான் ஷானவாஸ்.

சுக்கை அடித்தாள். மூட்டைகளையும் அடித்தாள். புறாக்கள் இருக்கலாமா என்று தெரியவில்லை. விட்டுவைத்தாள்.

மாளவிகா நோட்டை வாங்கிப் புரட்டினாள்.

எல்லாம் ஒழுங்காக இருந்தது. குளிர் எட்டு டிகிரி. காலையில் ரொட்டி, வெண்ணெய். பத்து மணிக்குப் படகு. பதினொன்றுக்குக் கோட்டை. மூன்று மணிக்கு, மணி அடிக்கும்போது பொம்மைகள் வெளியே வந்து ஆடும் கடிகாரம்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு படகு துறையை விட்டுக் கிளம்பியது. அறையே அதோடு மெல்ல நகர்வதுபோல இருந்தது.

டீச்சரின் சிவப்புப் பேனா ஒரு வரியில் நின்றது. முந்தைய பக்கங்களுக்குப் போனது. போன ஞாயிறு. அதற்கு முந்தின ஞாயிறு. எல்லா ஞாயிறுகளிலும் அதே வரி. அத்தனை அடித்தல் திருத்தலுக்கு நடுவே அந்த வரியை மட்டும் மகா ஒருமுறைகூடத் தொட்டிருக்கவில்லை.

"அல்ல மோளே," மாளவிகா குரலைத் தாழ்த்தினாள். "எல்லாப் படகிலயும் ஒண்ணரை டிக்கெட் எடுத்திருக்கியே. அரை டிக்கெட் ஆருக்கு?"

மகா நோட்டுக்குக் கை நீட்டினாள்.

டீச்சர் கோடு எதுவும் போடாமல் நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள்.

படகுச் சத்தம் தேய்ந்து மறையும்வரை காத்திருந்துவிட்டு, மகா பக்கத்தின் அடியில் தமிழில் எழுதினாள்:

"நாளைய வேலை: ஏஜென்சி திறந்ததும் போய், படிவத்தில் ஒன்பதாவது வரியைத் திருத்த வேண்டும். குழந்தைகள் 'இல்லை' என்பதை அடித்துவிட்டு, மீனாக்ஷி, வயது ஐந்து, தென்காசி என்று எழுத வேண்டும்."